சினை இல்லை

என் அக்காவின் பசுவைக் கொன்றது நான்தான். இது எனக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும். அக்கா மட்டும் வேறொரு கணக்கு வைத்திருக்கிறாள். அந்தக் கணக்கில் குற்றவாளி அவள். அதை மாற்றத்தான் அன்று அவள் வீட்டுக்குப் போனேன். போய் என்ன செய்துவிட்டு வந்தேன் என்று சொல்வதற்கு முன்னால், நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. கால்நடை மருத்துவமனையில் உதவியாளன். இரண்டு அறை, மருந்து வைக்க ஒரு குளிர்பெட்டி, வாசலில் மாட்டை நிறுத்திக் கட்டுகிற இரும்புச் சட்டம், மருத்துவமனை என்பது இவ்வளவுதான். டாக்டரம்மா இதுபோல மூன்று இடங்களைப் பார்க்கிறார். எங்களிடம் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நான் அவரைப் போனில் கேட்டுவிட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் சில வருடங்கள் கேட்டுவிட்டுக் கொடுத்தேன். பிறகு கொடுத்துவிட்டுச் சொன்னேன். அதற்கும் பிறகு சொல்வதையே விட்டுவிட்டேன். மாடுகள் பிழைத்துக்கொண்டிருந்தன, அதனால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அதிகம் வருவது மடிநோய்தான். காலையில் கறக்க உட்கார்ந்து காம்பைத் தொட்டதும் மாடு காலை உதறும். மடியில் ஒரு பக்கம் மட்டும் கல்லாக இறுகிச் சுடும். பீய்ச்சினால் பாலுக்குப் பதிலாக மஞ்சள் தண்ணீரும் திரித்திரியாக ஏதோவும் வரும். உள்ளே கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். இதற்குச் சரியான வைத்தியம் மெதுவானது. கெட்ட பாலை அடிக்கடி பீய்ச்சிக் கொட்ட வேண்டும், காம்புத் துளை வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும், நாலைந்து நாள் காத்திருக்க வேண்டும். மாட்டுக்காரர்களில் காத்திருக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

அதனால்தான் ஸ்டீராய்டு. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து அதையும் ஓர் ஊசி போட்டால் சாயங்காலத்துக்குள் சூடு இறங்கிவிடும், வீக்கம் வற்றிவிடும், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மாடு தீவனத் தொட்டியில் தலையை விட்டுவிடும். கிருமியை அது ஒன்றும் செய்யாது. திருடன் உள்ளே இருக்கும்போது நாயின் வாயைக் கட்டுவது போன்ற வேலை அது. வீட்டுக்காரருக்குக் குரைப்புச் சத்தம் நின்றால் போதும், நிம்மதியாகிவிடுவார். அளவோடு, இடம் பார்த்துப் போட்டால் நல்ல மருந்துதான். நான் வருகிற மாட்டுக்கெல்லாம் போட்டேன். சனங்கள் அதற்கு 'வீக்க ஊசி' என்று பேர் வைத்தார்கள், எனக்கு 'ஊசிக்காரர்' என்று. டாக்டரம்மா இருக்கிற நாளில் வராமல், அவர் இல்லாத நாளாகப் பார்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்து போனது. அதை மறைத்துப் பேசி இப்போது என்ன ஆகப்போகிறது?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஒழுங்காக இருந்தேன். சினை மாட்டுக்கு அந்த ஊசி கூடாது, அதிலும் கடைசி மாதங்களில் கூடவே கூடாது. கன்று வயிற்றுக்குள் முற்றியதும், நான் வரப்போகிறேன் என்று தாயின் உடம்புக்கு ஒரு சேதி அனுப்பும். அந்தச் சேதியும் இந்த மருந்தும் கிட்டத்தட்ட ஒரே சாயல். ஊசி போட்டால் தாயின் உடம்பு அதைக் கன்றின் சேதி என்று நம்பிவிடும். நம்பி, கன்றை வெளியே தள்ளிவிடும்.

ஆகவே ஊசியை எடுக்கும் முன் சினையா என்று கேட்பேன். கேட்பேனே தவிர, பதிலை நம்ப மாட்டேன். ஊசி கிடைக்காமல் போய்விடுமோ என்று பொய் சொல்கிறவர்கள் உண்டு. தெரியாமலே இல்லை என்று தலையாட்டுகிறவர்கள் உண்டு. நேற்று சந்தையில் வாங்கிய மாட்டைப் பற்றிப் பெற்று வளர்த்தது போலப் பேசுகிறவர்களும் உண்டு. தோள்வரை கையுறையை மாட்டிக்கொண்டு பின்பக்கமாகக் கையை விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்த்த பிறகுதான் நோட்டில் எழுதுவேன். நோட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. சினை உண்டு அல்லது இல்லை, பக்கத்தில் சோதித்தவர் கையெழுத்து. இருபத்திரண்டு வருடத்தில் யார் பேச்சையும் கேட்டு நான் அந்தக் கட்டத்தை நிரப்பியதில்லை. அக்கா பேச்சைத் தவிர.

அக்காவுக்கு இருந்தது ஒரே பசு. ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும், அதனால் கோணக்கொம்பி. மாமா இறந்த பிறகு, மகளும் வெளியூரில் நர்ஸ் படிப்புக்குப் போன பிறகு, அந்த வீட்டில் அக்காவோடு பேச இருந்தது அதுதான். அதுவும் சும்மா கேட்டுக்கொண்டிருக்காது. அக்கா மூச்சு விடாமல் பேசினால் காதை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். உன்னை மாதிரியே இருக்கு, என்று அக்கா என்னைச் சொல்லுவாள்.

அவள் தெருவில் பால் வண்டிக்கு ஒரு வழக்கம். பால் ஊற்றுகிற வீடுகளின் வாசல் கதவில் ஒரு எண் எழுதியிருக்கும். வண்டி அந்த வீட்டில் மட்டும் நின்று ஹாரன் அடிக்கும். ஒரு மாதம் தொடர்ந்து பால் வரவில்லை என்றால் எண் வேறு வீட்டுக்குப் போய்விடும். காத்திருக்கிற வீடுகள் நிறைய, போன எண் திரும்பக் கிடைப்பது லேசில்லை. இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒன்று வற்றினால் இன்னொன்று கறக்கும். ஒற்றை மாடு வைத்திருப்பவள் என்ன செய்வாள்? கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறப்பதை நிறுத்த வேண்டும், அப்போதுதான் வயிற்றில் இருப்பது தேறும், மடிக்கும் ஓய்வு கிடைக்கும். நிறுத்தினால் எண் போய்விடும். அக்கா நிறுத்தாமல் கறந்தாள்.

போன ஈற்றில் அப்படித்தான் கடைசிவரை கறந்தாள். கன்று நோஞ்சானாகப் பிறந்து மூன்றாம் நாள் செத்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு, பால் வண்டிக்காரனும் பக்கத்து வீட்டுப் பெண்களும் நிற்கிறார்கள் என்றுகூடப் பாராமல் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

“வயித்துல ஒரு உசுரு இருக்கும்போது கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினா அது எப்படிப் பொழைக்கும்? மனசு இருக்கிறவ செய்யிற வேலையா இது? நீயெல்லாம் எதுக்கு மாடு வளக்குறே?”

என்னைவிட எட்டு வயது மூத்தவள். முந்தானையால் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அன்று நான் சரியானதைத்தான் சொன்னேன். சொன்ன விதத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆனால் அப்போது அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அக்கா முன்னறையிலேயே உட்கார வைத்துவிடுவாள். டீயை அங்கேயே கொண்டுவந்து கொடுப்பாள். கோணக்கொம்பியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தால், இப்பதான் படுத்திருக்கு, எழுப்பாதே, என்பாள். நானும் விட்டுவிடுவேன். கோபம் இன்னும் ஆறவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, போவதையும் குறைத்துக்கொண்டேன்.

மழை பெய்த ஒரு காலையில் போன் வந்தது. மாடு காலை உதறுகிறது, தொட விடவில்லை, உடம்பு கொதிக்கிறது என்றாள். உடனே போனேன். வாசலிலேயே நின்றிருந்தாள். வாங்க டாக்டர் சார், இப்பவாவது வழி தெரிஞ்சுதே, என்று கிண்டலாக ஆரம்பித்துவிட்டு, பாதியிலேயே கொட்டகைப் பக்கம் நடந்தாள். கொட்டகைக்குள் போனோம். தகரக் கூரை, தரை கழுவி விட்டிருந்தது, மாட்டின் முதுகில் குளிருக்காக இரண்டு சாக்கைச் சேர்த்துத் தைத்துப் போர்த்தியிருந்தாள். சாக்கு இரண்டு பக்கமும் வயிறுவரை தொங்கியது. மடியின் பின்பக்கத்து இடது காம்பு கெட்டிருந்தது. பீய்ச்சினேன், மஞ்சள் தண்ணீர் வந்தது.

பெட்டியைத் திறந்துகொண்டே, சினையா என்று கேட்டேன்.

“இல்லடா. ரெண்டு தடவை சினை ஊசி போட்டும் நிக்கல,” என்றாள் அக்கா.

இதைச் சொல்லும்போது அவள் வாளியை எடுக்கத் திரும்பியிருந்தாள். முகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் வயிற்றைப் பார்த்தேன். சாக்கையும் மீறி வலது பக்கம் வயிறு கனத்துத் தொங்கியதைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கண் தானாக அங்கே போகும். மூன்று கன்று போட்ட மாட்டுக்கு வயிறு தளர்ந்திருக்கும் என்று நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கையுறை பெட்டியில் மேலாகவேதான் இருந்தது. எடுத்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அக்கா சொன்ன பிறகு கையை விட்டுப் பார்ப்பது, உன் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்வது மாதிரி இருந்தது. போன தடவை அவ்வளவு பேச்சு பேசியிருக்கிறேன், இந்தத் தடவையாவது மரியாதையாக நடந்துகொள்வோம் என்று நினைத்தேன். கன்றைக் கொன்றது அந்த மரியாதை. நோட்டை எடுத்து, சினை இல்லை என்று எழுதி, சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு காம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றினேன், கழுத்தில் ஒன்று போட்டேன், கூடவே வீக்க ஊசி. நாளைக்கும் வந்து இதேபோலப் போடுகிறேன், இந்த நாலு நாள் பாலை வண்டியில் ஊற்றிவிடாதே என்று சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். மாடு தீனி தின்கிறதாம். மடி இளகிவிட்டதாம். பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துவந்து காட்டினாளாம். என் தம்பி கை பட்டா போதும்னு அவகிட்ட சொன்னேன், என்று சிரித்தாள். மறுநாள் போய் இன்னொரு ஊசியும் போட்டேன். கோணக்கொம்பி என்னைப் பார்த்துக் காதை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அக்கா எனக்கு டீ கொடுத்தாள், கொட்டகையிலேயே. நெடுநாளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பழையபடி பேசிச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

நாலாம் நாள் விடிந்ததும் போன். வா, என்று மட்டும் சொன்னாள்.

கொட்டகைக்குள் வைக்கோல் மேல் கன்று கிடந்தது. கிடாரி, பெண் கன்று. ஏழரை மாதம் இருக்கும். கண்ணிமையில் மயிர் முளைத்திருந்தது, உடம்பில் இன்னும் சரியாக முளைக்கவில்லை, குளம்பு மெழுகு மாதிரி மெத்தென்றிருந்தது. கோணக்கொம்பி குனிந்து குனிந்து அதை நக்கிக்கொண்டிருந்தது. அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. ஊசி போட்ட நாளிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த மருந்து கன்றைத் தள்ள எடுத்துக்கொள்ளும் நாளோடு கணக்கு சரியாக இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்கா நகர்ந்து வந்து கன்றின் மேல் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை.

அவளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை வைத்து விஷயம் புரிந்தது. பால் நிலையத்து ஆளை வைத்து மாட்டுக்குச் சினை ஊசி போட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சினை என்று தெரிந்தால் ஏழாம் மாதத்தில் நான் வந்து கறப்பதை நிறுத்தச் சொல்லுவேன், மறுபடியும் தெருவே பார்க்கத் திட்டுவேன் என்று பயம். நான் வீக்க ஊசி போட்ட அன்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்ததாம். அதற்குள் நான் நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டேனாம்.

நஞ்சுக்கொடி விழவில்லை. மடி மறுபடி வீங்கியது, இந்தத் தடவை சுடவில்லை. சில்லென்று இருந்தது, தோல் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. திருடன் உள்ளேயேதான் இருந்தான். இரண்டு நாள் நான் நாயின் வாயைக் கட்டி வைத்திருந்ததில் அவன் வீடு முழுவதும் புகுந்துவிட்டான்.

மத்தியானம் டாக்டரம்மா வந்தார். மாட்டைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்து, தன் வண்டியின் பின்கதவுப் பக்கம் நின்று நோட்டைக் கேட்டார். பக்கத்தைத் திருப்பி அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“கை விட்டுப் பாத்தீங்களா?”

“இல்ல மேடம்.”

“அப்புறம் எதுக்குக் கையெழுத்து?”

அக்கா சொன்னாங்க, என்றேன். சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. அவர் திட்டுகிற ஆள்தான், ஒரு ஊசியை வெந்நீரில் போட மறந்ததற்கு எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார். அன்று நோட்டை மூடிக் கொடுத்தார். மாடு தேறுவது கஷ்டம் என்றார். பிறகு, உங்க அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. அன்று முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. மாட்டுக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, தொங்கிக்கொண்டிருந்த நஞ்சுக்கொடியைச் சுத்தம் செய்துகொண்டு, பக்கத்திலேயே இருந்தேன். அக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், விளக்கைப் பிடித்தாள், கோணக்கொம்பியின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறாம் நாள் அது எழுந்திருக்கவில்லை. ஏழாம் நாள் காலையில், பால் வண்டி தெருமுனையில் திரும்புகிற நேரத்தில், கழுத்தை ஒரு தடவை நீட்டிவிட்டு அடங்கிவிட்டது. வண்டி வழக்கம்போல வாசலில் நின்று ஹாரன் அடித்தது. அக்கா எழுந்து போய், இல்லை என்று கையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள். வண்டி போய்விட்டது.

குழி தோண்ட இயந்திரம் வந்தது. ஓட்டுகிறவன், மாட்டைக் காலில் கயிறு போட்டுத்தான் இழுக்க வேண்டும் என்றான். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கன்றைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தோம்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். வீக்க ஊசி கேட்டு வந்தவர்களிடம் மருந்து தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தேன். மருந்து குளிர்பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் மருத்துவமனைக்கே வந்தாள். உங்கக்கா ஒரு வாய்ச் சோறு திங்கலை, கேட்டா என் கையாலதான் ரெண்டு உசுரு போச்சுங்குது, வந்து என்னன்னு பாருங்க, என்றாள். என் மேல் மட்டும் ஒரு வருத்தமும் இல்லையாம். தம்பி போட்ட ஊசியாலதான் அது கடைசியா ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

இதைக் கேட்ட பிறகும் சும்மா இருந்தால் நான் மனிதனே இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டேன். காலியான மருந்துக் குப்பி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டேன். எதையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனேன்.

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். பக்கத்தில் கறவை வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, இன்னும் அதிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கறக்க மாடு இல்லாவிட்டாலும் இரண்டு வேளையும் அதைக் கழுவிக்கொண்டிருந்தாள் போல. எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குப்பியை எடுத்துத் தரையில் வைத்து, இந்த மருந்து சினை மாட்டுக்குக் கூடாது, இதனால்தான் கன்று விழுந்தது என்றேன். கிருமியை எதிர்க்கிற சக்தியை இது கெடுத்துவிட்டது, அதனால்தான் மாடும் செத்தது என்றேன். வயிற்றைப் பார்த்தேன், சந்தேகம் வந்தது, அப்படியும் சோதிக்கவில்லை என்றேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். குப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“நீ சின்ன வயசுலயே இப்படித்தான். நான் ஒடைச்ச கண்ணாடிய நீ ஒடைச்சேன்னு சொல்லி அப்பாகிட்ட அடி வாங்கினவன்தானே.”

அது வேறு, இது வேறு என்றேன். டாக்டரம்மாவிடம் வேண்டுமானால் கேட்டுப் பார் என்றேன். அவங்களும் உனக்காகச் சொல்லுவாங்க, என்றாள். ஊசி போட்ட அன்றைக்குத்தானே அது தீனியே தின்றது, என் கண்ணால் பார்த்தேனே, கெடுக்கிற மருந்து எங்காவது அப்படிச் செய்யுமா என்று கேட்டாள். அப்படித்தான் அக்கா செய்யும், அந்த மருந்தே அப்படித்தான் என்றேன். என் காதிலேயே அது சாக்கு மாதிரி ஒலித்தது. கடைசியில் நோட்டைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். பார், சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் பார் என்றேன்.

அவள் என் கையெழுத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் இருந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

“இது நான் சொன்ன பொய்தானேடா. என் பொய்ய நீ எழுதி வச்சிருக்கே, அவ்வளவுதான்.”

“நான் கை விட்டுப் பாத்திருக்கணும்க்கா.”

“அக்கா சொன்னா தம்பி எதுக்குப் பாக்கணும்?”

அவள் சொன்ன பொய்யை நான் நம்பினேன். நான் சொன்ன உண்மையை அவள் நம்பவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், நாங்கள் இருவரும் ஒரு வயிற்றில் பிறந்திருக்கிறோம்.

வெளியே பக்கத்து வீட்டு வாசலில் பால் வண்டியின் ஹாரன் கேட்டது. அது மதியச் சுற்று. அக்காவின் வாசலில் நிற்காமல் போனது. எண் இன்னும் கதவில் இருந்தது, மாதம் முடிந்ததும் வந்து அழித்துவிடுவார்கள். அக்கா சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்து என் முழங்காலின் மேல் கையை வைத்தாள்.

“திட்டுடா,” என்றாள்.

எதுக்கு என்றேன்.

“போன தடவை திட்டினியே, அந்த மாதிரி. அன்னைக்கு நீ திட்டினதும் எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா ராத்திரி தூங்கிட்டேன். இந்தத் தடவை நீ ஒண்ணுமே சொல்லல. நீ எதுவும் சொல்லாம இருக்க இருக்க எனக்கு நெஞ்சு அடைக்குது. நான் செஞ்சது தப்புன்னு யாராவது சொல்லணும்டா.”

தப்பு உன்னுடையது இல்லை அக்கா என்று மறுபடி ஆரம்பித்தேன். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். என் முழங்காலைப் பிடித்திருந்த கையில் பலமே இல்லை. ஐந்து நாளாகச் சாப்பிடாத உடம்பு. இன்னும் ஐந்து நாள் இப்படி இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். உடம்பைப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. அது முழு உண்மை இல்லை. எனக்கும் அலுத்துவிட்டது. யாரும் வாங்கிக்கொள்ளாத பழியை எத்தனை நேரம் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

திட்டினேன்.

முதல் வார்த்தை மெதுவாகத்தான் வந்தது. இரண்டாவது வாக்கியத்தில் குரல் வந்துவிட்டது. வயிற்றில் ஒரு உயிர் இருக்கும்போது கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாயே என்றேன். மனசு இருக்கிறவள் செய்கிற வேலையா என்றேன். கூடப் பிறந்தவனிடமே பொய் சொன்னாயே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டும் இன்றைக்கு உயிரோடு இருக்குமே என்றேன். போன தடவை சொன்னதெல்லாம் வரிசை மாறாமல் வந்தது, புதிதாகவும் வந்தது. பாதியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடிப்பு இல்லை, நிஜமான கோபம், அவள் மேல். கை தரையை ஓங்கி அறைந்தது, குப்பி உருண்டு வாளிக்கு அடியில் போய் நின்றது. பேசப் பேச, பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கனம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அது யார் தலையில் இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

அக்கா தலை குனிந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். அடுப்பைப் பற்றவைத்து, மூடி வைத்திருந்ததைச் சூடாக்கி, இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

“கத்தி கத்தித் தொண்டை வறண்டிருக்கும், சாப்பிடு,” என்றாள்.

அவள் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.